விரியும் குண்டுகள்: போரில் தடை, காவல் பணியில் அனுமதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச் சட்டங்களைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போதெல்லாம், மற்ற ஆயுதங்களைவிட விரியும் குண்டுகளைப் பற்றியே அவர்கள் அதிகம் கேட்கிறார்கள். போர்க்களத்தில் சுட்டால் போர்க்குற்றமாகக்கூடிய ஒன்றைப் பல நாடுகளின் காவலர்கள் அன்றாடம் இடுப்பில் சுமந்து திரிகிறார்கள் என்பது யாரையும் உறுத்தக்கூடிய செய்திதான். திரும்பத் திரும்ப வந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வரும் சிக்கலான கேள்விகள் எளிதில் விளங்கும்.

விரியும் குண்டு என்றால் உடலுக்குள் போய் வெடிக்கும் குண்டுதானே?

இல்லை. வெடிக்கும் குண்டுக்குள் வெடிமருந்து இருக்கும். விரியும் குண்டில் அப்படி எதுவும் இல்லை. ராணுவம் வழக்கமாகப் பயன்படுத்தும் குண்டில் உள்ளிருக்கும் ஈயத்தை நுனி முதல் கடினமான உலோக உறை மூடியிருக்கும். அந்த உறையை நுனியில் மட்டும் விட்டுவிட்டு ஈயம் வெளியே தெரியும்படி செய்தால் அது மென்முனைக் குண்டு. நுனியில் குழிவாகத் துளை விட்டால் அது துளைமுனைக் குண்டு. ஹாலோ பாயின்ட் என்று பலரும் சொல்வது இதைத்தான். சதையில் பட்டவுடன் இத்தகைய முனை பின்னோக்கி மடிந்து காளான் போல் விரிகிறது. கைத்துப்பாக்கிக் குண்டு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விட்டத்துக்கு, சில வேளை அதற்கும் மேலாக, விரிவதுண்டு.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. காயத்தின் பாதை அகலமாகிறது. குண்டு விரைவில் வேகமிழந்து பெரும்பாலும் உடலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. முதல் விளைவு போர்ச் சட்டத்தின் கவலை, இரண்டாவது காவல்துறையின் வாதம். இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான கேள்விகள் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இழுபறியைப் பற்றியவையே.

'டம்டம் குண்டு' என்கிறார்களே, சுடும் சத்தத்தால் வந்த பெயரா?

ஊரால் வந்த பெயர். இன்று கொல்கத்தா விமான நிலையம் அமைந்திருக்கும் அதே டம்டம்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பீரங்கிப் படை அங்கே முகாமிட்டிருந்தது. 1857 தொடக்கத்தில் கொழுப்பு தடவிய தோட்டாக்களைப் பற்றிய பேச்சு சிப்பாய்களிடையே பரவத் தொடங்கியதும் அங்கேதான். தோட்டாவால் வரலாற்றில் இருமுறை இடம்பெற்ற ஊர் அது.

1895-இல் இன்றைய பாகிஸ்தானின் வடக்கே உள்ள சித்ராலில் பிரிட்டிஷ் இந்தியப் படை போரிட்டபோது, முழு உறை கொண்ட புதிய .303 குண்டு பட்ட பின்பும் எதிரிகள் நிற்காமல் ஓடிவந்து தாக்குகிறார்கள் என்று படையினர் புகார் சொன்னார்கள். மெல்லிய குண்டு உடலைச் சுத்தமாகத் துளைத்து மறுபுறம் போய்விடுகிறது என்பதே அவர்களின் குறை. டம்டம் தோட்டாத் தொழிற்சாலையின் பொறுப்பிலிருந்த கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே, உறையின் நுனியைத் திறந்துவிட்டு ஈயம் தெரியும்படி ஒரு குண்டை உருவாக்கினார். இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு எல்லையில் நடந்த 1897-98 திரா படையெடுப்பில் அது பயன்பட்டது. அதன் பின் இங்கிலாந்திலேயே வடிவமைக்கப்பட்ட 'மார்க் 4' என்ற துளைமுனைக் குண்டு, 1898-இல் சூடானின் ஒம்துர்மான் போரில் சுடப்பட்டது. கறாராகப் பார்த்தால் டம்டமில் செய்த குண்டுக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. பேச்சு வழக்கில் விரியும் எல்லாக் குண்டுகளுக்கும் அது நிலைத்துவிட்டது.

இந்தக் குண்டு முதலில் யாருடைய உடலில் பாய்ந்தது என்பதை மறக்காமல் இருப்பது நல்லது. பட்டாணிய மலைவாசிகளும் சூடானியர்களும்தான் அதன் முதல் இலக்குகள். ஐரோப்பியப் படை எதுவும் அல்ல.

இதற்குத் தடை விதித்த சட்டம் எது?

அடித்தளம் 1868-இல் இடப்பட்டது. ரஷ்யா, மென்மையான பொருளில் பட்டாலும் வெடிக்கும் துப்பாக்கிக் குண்டு ஒன்றை உருவாக்கியபின், அதைத் தானும் பயன்படுத்தாமல் பிறரும் பயன்படுத்தாதிருக்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நாடுகளைக் கூட்டியது. 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிக்கும் எறிபொருள்கள் அங்கே கைவிடப்பட்டன. அந்தப் பிரகடனத்தின் முன்னுரை, எதிரியின் படைபலத்தைக் குன்றச் செய்வதே போரின் ஒரே முறையான நோக்கம் என்றும், செயலிழந்த மனிதர்களின் துன்பத்தைப் பயனின்றிப் பெருக்கும் ஆயுதம் அந்த நோக்கத்தை மீறியது என்றும் கூறுகிறது.

விரியும் குண்டை நேரடியாகத் தடுத்தது 1899 ஜூலை 29 அன்று ஹேக் அமைதி மாநாட்டில் ஏற்கப்பட்ட பிரகடனம். மனித உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் பயன்படுத்துவதில்லை என்று நாடுகள் உடன்பட்டன. உள்ளிருக்கும் ஈயக் கருவை முழுதாக மூடாத உறை கொண்டவையும் உறையில் வெட்டுகள் இட்டவையும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டன. தேவையற்ற துன்பம் விளைவிக்கும் ஆயுதங்களுக்குப் பொதுவான தடை அதே மாநாட்டின் ஹேக் போர் விதிகளிலும், பின்னர் 1907-இன் விதிகளிலும் இடம்பெற்றது. ஜெனிவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட 1977-இன் முதலாம் கூடுதல் நெறிமுறை அதை மறுபடியும் உறுதிசெய்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998-இன் ரோம் சாசனம், நாடுகளுக்கிடையிலான போரில் இக்குண்டுகளைப் பயன்படுத்துவதைப் போர்க்குற்றங்களின் பட்டியலில் சேர்த்தது.

அன்று பிரிட்டன் இதை எதிர்த்ததாமே? என்ன சொல்லி எதிர்த்தது?

எதிர்த்தது. 22 நாடுகள் ஆதரித்தன. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன. போர்ச்சுகல் வாக்களிக்காமல் இருந்தது. பிரிட்டனின் பிரதிநிதி சர் ஜான் அர்டா முன்வைத்த வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நாகரிக நாட்டுச் சிப்பாய் குண்டு பட்டதும் தான் காயப்பட்டதை உணர்ந்து விலகிவிடுவான், வெறிகொண்ட காட்டுமிராண்டியோ குண்டு துளைத்த பின்னும் ஈட்டியோடு பாய்ந்து வருவான், ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும்.

வலி ஆளுக்கு ஆள் நிறத்தால் மாறும் என்ற அந்த எண்ணம் இழிவானது. அதை இழிவானது என்றே சொல்ல வேண்டும். மாநாட்டில் மற்ற நாடுகள் அதை ஏற்கவில்லை. ஆனால் பிரகடனத்திலேயே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கையொப்பமிட்ட நாடுகள் தங்களுக்குள் போரிடும்போது மட்டுமே அது கட்டுப்படுத்தும் என்று எழுதப்பட்டிருந்ததால், குடியேற்ற நாடுகளில் நடந்த அடக்குமுறைப் போர்கள் எழுத்தளவில் அதற்கு வெளியே நின்றன. பிரிட்டன் பின்னர் 1907-இல் பிரகடனத்தில் இணைந்தது.

கொல்வதற்கே அனுமதி உள்ள போரில், ஒரு வகைக் குண்டுக்கு மட்டும் தடை போட்டு என்ன பயன்?

போர்ச் சட்டம் கொலைக்கு வழங்கப்பட்ட அனுமதிச் சீட்டு அல்ல. எதிரிச் சிப்பாயைச் சண்டையிலிருந்து விலக்கும் அளவுக்கு வன்முறையை அது பொறுத்துக்கொள்கிறது. அவன் கையிலிருந்து ஆயுதம் விழுந்த நொடியிலிருந்து அவன் எதிரி என்ற நிலையை இழந்து நோயாளி ஆகிறான். அவனைச் சுட்ட படையின் மருத்துவரே அவனுக்குக் கட்டுப் போட வேண்டும். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் தடையின் பொருள் விளங்கும். 1899-இல் பேசியவர்களின் கணக்கில், முழு உறை கொண்ட குண்டே ஒருவரைச் சண்டையிலிருந்து விலக்கப் போதுமானது. அதற்கு மேல் சதையைக் கிழித்து, எலும்பை நொறுக்கி, பிழைத்தாலும் கையையோ காலையோ இழக்கச் செய்யும் ஒவ்வொரு அங்குலக் காயமும் போர் வெற்றிக்கு எதையும் சேர்ப்பதில்லை. அந்த மிகையைத்தான் சட்டம் தடுக்கிறது.

இது தளபதிகளின் கருணையை மட்டும் நம்பிய ஏற்பாடும் அல்ல. என் சிப்பாய்க்கு நீ இதைச் செய்யாதே, உன் சிப்பாய்க்கு நானும் செய்யமாட்டேன் என்ற பரஸ்பர உறுதியே அதன் பலம்.

இங்கிலாந்தில் மான் வேட்டைக்கு விரியும் குண்டுதான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. விலங்குக்குக் கருணை, மனிதனுக்குத் தடை என்றால் முரண் இல்லையா?

சட்டம் இருப்பது உண்மை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1991-இன் மான்கள் சட்டப்படி, ரைஃபிளால் மானைச் சுடுபவர் மென்முனை அல்லது துளைமுனைக் குண்டையே பயன்படுத்த வேண்டும். வேட்டையில் விலங்கு இறக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. காயத்தோடு தப்பி நாள்கணக்கில் துடிக்காமல் உடனே இறக்க வேண்டும் என்பதே அங்கே கருணை.

போரில் எதிரி இறந்தே ஆக வேண்டும் என்பது நோக்கமாக இருக்கக் கூடாது. சாவைத் தவிர்க்க முடியாததாக ஆக்கும் ஆயுதம் மனிதநேயத்துக்கு முரணானது என்று 1868 பிரகடனம் வெளிப்படையாகவே சொல்கிறது. மானுக்குக் கருணையாக இருப்பது மனிதனுக்குக் கொடுமையாவது இதனால்தான். அவன் பிழைத்து வீடு திரும்பும் வழியை நாம் திறந்து வைத்திருக்கிறோம்.

அப்படியென்றால் போலீஸ் மட்டும் எப்படிப் பயன்படுத்தலாம்? சொந்த மக்களைச் சுட இன்னும் மோசமான குண்டா?

எனக்கு மிக அதிகமாக வந்த கேள்வி இது. கோபத்தோடு கேட்கப்படுவது, அந்தக் கோபம் நியாயமானதும்கூட. விடை, முதல் கேள்வியில் சொன்ன இரண்டாவது விளைவில் இருக்கிறது. காவலர் சுடுவது போர்க்களத்தில் அல்ல. பேருந்து நிலையத்திலும் ரயில் பெட்டியிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைவழியிலும்தான். முழு உறைக் குண்டு குற்றவாளியின் உடலைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பவரைக் கொல்லலாம். சுவரில் பட்டுத் தெறித்தும் கொல்லலாம். விரியும் குண்டு உடலில் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். நியூயார்க் நகரக் காவல்துறை 1998-இல் துளைமுனைத் தோட்டாக்களுக்கு மாற முடிவெடுத்தபோது, அருகில் இருப்பவர்களும் சக காவலர்களும் அடிபடுவதையே முக்கியக் காரணமாகக் காட்டியது. ஜெர்மனியின் காவல்துறைகளும் இதே வாதத்தால் விரியும் வகைக் குண்டுகளுக்கு மாறின. லண்டன் மாநகரக் காவல்துறை 2011-இல் தன் ஆயுதக் காவலர்களுக்கு இவற்றைப் பொதுவாக வழங்கத் தொடங்கியது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. காவலர் பெரும்பாலும் சுடுவது கைத்துப்பாக்கியால். 9 மி.மீ. குண்டின் ஆற்றல் சுமார் 500 ஜூல், ராணுவத்தின் 5.56 மி.மீ. ரைஃபிள் குண்டுக்குச் சுமார் 1,700, 7.62 மி.மீ. நேட்டோ குண்டுக்கு 3,000-க்கும் மேல். விரியும் கைத்துப்பாக்கிக் குண்டு உண்டாக்கும் காயம், விரியாத ரைஃபிள் குண்டின் காயத்தைவிடப் பல நேரங்களில் சிறியது. 1899-இல் அஞ்சப்பட்டது விரியும் ரைஃபிள் குண்டு என்பதை மறந்துவிட்டுத்தான் 'இன்னும் மோசமான குண்டு' என்ற முடிவுக்குப் பலர் வருகிறார்கள்.

அப்போது காவல்துறைக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லையா?

உண்டு. அது போர்ச் சட்டத்திலிருந்து வருவதல்ல, மனித உரிமைச் சட்டத்திலிருந்து வருவது. அளவில் இன்னும் கடுமையானது. சட்ட அமலாக்க அலுவலர்கள் பலத்தையும் துப்பாக்கியையும் பயன்படுத்துவது குறித்து 1990-இல் ஹவானாவில் ஐ.நா. மாநாடு ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள், நியாயப்படுத்த முடியாத காயத்தை உண்டாக்கும் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் தடை செய்யும்படி கூறுகின்றன. எந்தக் குண்டாக இருந்தாலும், உயிரைக் காப்பதற்கு வேறு வழியே இல்லாதபோது மட்டுமே வேண்டுமென்றே உயிர்போகச் சுடலாம் என்பதும் அவற்றில் உள்ளது. போரில் எதிரிச் சிப்பாயைத் தூங்கும்போதுகூடச் சுடலாம். காவலர் ஒருவரை அப்படிச் சுட்டால் அது கொலை.

நல்ல தோட்டா தவறான முடிவைத் திருத்தாது. 2005 ஜூலை 22 அன்று லண்டன் ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையத்தில் தற்கொலைக் குண்டுதாரி என்று தவறாகக் கருதப்பட்ட ஓர் அப்பாவி பிரேசில் நாட்டவர், துளைமுனைக் குண்டுகளால் தலையில் சுடப்பட்டு இறந்தார். பெட்டியில் இருந்த மற்றவர்கள் மீது குண்டு பாயவில்லை. ஆனால் சுடப்பட்டிருக்கவே கூடாத ஒருவர் பிழைப்பதற்கு எந்த வாய்ப்பும் இருக்கவில்லை. தோட்டாவின் வகையைப் பற்றி மட்டும் விவாதிப்பவர்கள் இதை மனத்தில் நிறுத்த வேண்டும்.

அமெரிக்கா 1899 பிரகடனத்தில் சேரவே இல்லை. அவர்களுக்குத் தடை பொருந்தாதா?

அமெரிக்காவின் நிலைப்பாடு அதுதான். 2015-இல் வெளியான அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் போர்ச் சட்டக் கையேடு, விரியும் குண்டு என்பதற்காக மட்டுமே ஒரு குண்டு தடைக்குள் வராது, தேவையற்ற துன்பம் விளைவிப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டிருந்தால் மட்டுமே தடை என்கிறது. அந்நாட்டுத் தரைப்படை 2017-இல் தேர்ந்தெடுத்த புதிய கைத்துப்பாக்கிக்கு ஒரு துளைமுனைத் தோட்டாவும் உண்டு.

இதற்கு எதிராக, சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 2005-இல் வெளியிட்ட வழக்காற்றுச் சட்ட (நாடுகளின் நெடுநாள் நடைமுறையால் உருவாகும் சட்டம்) ஆய்வின் 77-ஆம் விதி, இந்தத் தடை ஒப்பந்தத்தில் சேராத நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காறாகிவிட்டது என்கிறது. அமெரிக்கா அந்த ஆய்வின் அணுகுமுறையையே மறுத்துப் பதில் எழுதியது. நூறாண்டுக்கு மேலாக ஏறத்தாழ எல்லாப் படைகளும் போருக்கு முழு உறைக் குண்டுகளையே வாங்கி வந்திருக்கின்றன என்ற நடைமுறையைப் பார்க்கும்போது எனக்குச் செஞ்சிலுவைக் குழுவின் பக்கமே வலுவாகத் தோன்றுகிறது. ஆனாலும் ஒரு பெரிய ராணுவம் தொடர்ந்து மறுத்து வரும்போது, வழக்காறு முழுதும் உறுதியாகிவிட்டது என்று மாணவர்களிடம் சொல்ல என்னால் இயலாது.

உள்நாட்டுப் போரிலும் இந்தத் தடை உண்டா?

ரோம் சாசனத்தில் முதலில் நாடுகளுக்கிடையிலான போருக்கு மட்டுமே இருந்தது. 2010 ஜூன் மாதம் உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த மறுஆய்வு மாநாடு, உள்நாட்டு ஆயுத மோதலுக்கும் அதே குற்றத்தை நீட்டித்தது. திருத்தத்தை ஏற்ற நாடுகளுக்கே அது பொருந்தும். இந்தியாவும் இலங்கையும் ரோம் சாசனத்திலேயே சேரவில்லை. 1977-இன் முதலாம் கூடுதல் நெறிமுறையிலும் இல்லை. எனவே இவ்விரு நாடுகளைப் பொறுத்தவரை வாதம் பெரிதும் முந்தைய விடையில் சொன்ன வழக்காற்றையே சார்ந்திருக்கிறது.

நாடுகளுக்கிடையிலான போரில் மனிதத்தன்மையற்றதாகக் கருதப்படுவது உள்நாட்டுப் போரிலும் அப்படியேதான் இருக்க முடியும் என்று முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான நீதிமன்றம் 1995-இல் தாதிச் வழக்கில் கூறியது. அயல்நாட்டுச் சிப்பாய்க்கு மறுக்கப்பட்ட காயத்தைச் சொந்தக் குடிமகனுக்கு வழங்கலாம் என்று வாதிடும் அரசு எதுவும் அந்த வாதத்தைப் பொதுவெளியில் வைக்கத் துணியாது.

ராணுவ கமாண்டோக்களே பணயக்கைதிகளை மீட்கப் போனால்? அவர்கள் ராணுவமா, போலீசா?

போட்டிருக்கும் சீருடை விடை தராது. செய்யும் வேலைதான் தரும். விமானத்தைக் கடத்திய குற்றவாளிகளிடமிருந்து பயணிகளை மீட்பது சட்ட அமலாக்கம். அங்கே ராணுவத்தினர் விரியும் குண்டு பயன்படுத்தினாலும், பயணிகள் மேல் குண்டு பாயாமல் காப்பது என்ற காரணம் அப்படியே பொருந்துகிறது. கம்பாலா தீர்மானமும் சட்ட அமலாக்கச் சூழல்களைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. மறுபுறம், காவல்துறைச் சீருடையில் ஒரு துணைப்படை உள்நாட்டுப் போரில் எதிர்த்தரப்போடு நேருக்கு நேர் சண்டையிட்டால் அது போர்தான். அங்கே காவல்துறைத் தோட்டாவுக்குச் சலுகை கோர முடியாது.

உண்மையான சிக்கல் நடுவில் இருக்கிறது. போர் நடக்கும் அதே ஊரில் காலையில் சோதனைச் சாவடியில் நின்று, மாலையில் சண்டையில் இறங்கும் படைப்பிரிவு ஒரே தோட்டாப் பெட்டியைத்தான் சுமக்கிறது. இரு வகைத் தோட்டாவையும் கொடுத்து, நொடியில் தேர்ந்தெடுக்கச் சொல்வது காகிதத்தில் மட்டுமே சாத்தியம். ஐயம் இருக்கும் இடத்தில் முழு உறைத் தோட்டாவையே வழங்குவது சட்டத்தை மீறாத வழி என்பது என் கருத்து. பொதுமக்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் அதனால் ஆபத்து கூடும் என்ற எதிர்வாதத்தையும் நான் எளிதாகத் தள்ளமாட்டேன்.

முழு உறைக் குண்டு என்றால் 'மனிதாபிமானமுள்ள' குண்டா?

அப்படிச் சொல்வதற்கில்லை. இந்தச் சட்டத்தின் மிகப் பலவீனமான இடம் இதுவே. 1899 பிரகடனம் குண்டின் உறையைப் பார்த்தது. காயத்தை உண்டாக்கும் வழிகளோ வேறும் பல. பிரிட்டன் 1910-இல் கொண்டுவந்த .303 'மார்க் 7' குண்டுக்கு முழு உறை உண்டு. ஆனால் உறைக்குள் நுனிப்பகுதியில் ஈயத்துக்குப் பதில் இலேசான அலுமினியம் வைக்கப்பட்டதால் பின்பாரம் கூடி, உடலில் பட்டதும் குண்டு எளிதில் புரண்டது. புரளும் குண்டு பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு போகும். வியட்நாம் போரில் பரவலான 5.56 மி.மீ. குண்டு, கிட்டத்தில் சுட்டால் புரண்டு துண்டுகளாக உடைகிறது. 1974-இல் சோவியத் நாடு ஏற்ற 5.45 மி.மீ. குண்டின் நுனிக்குள் சிறு வெற்றிடம் உண்டு. அதுவும் விரைவில் புரளும்.

இவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சுவீடன் 1970-களில் வலியுறுத்தியது. 1979-இல் ஐ.நா. ஆயுத மாநாடு சிறு விட்டக் குண்டுகள் குறித்து மேலும் ஆராயும்படி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியதோடு நின்றுவிட்டது. உறைக்கு உள்ள தடை புரளலுக்கு இல்லை என்பது அறிவுக்குப் பொருந்தாத நிலைதான். ஆனால் வேலியில் ஒரு பக்கம் திறந்திருக்கிறது என்பதற்காக மற்ற பக்கங்களையும் பிடுங்கிப் போடலாம் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

ஸ்னைப்பர் குண்டுகளின் நுனியிலும் துளை இருக்கிறதே. அது மீறல் இல்லையா?

துளை இருந்தாலே விரியும் என்றில்லை. துல்லியக் குண்டுகளின் உறையை அடிப்பக்கத்திலிருந்து தொடங்கி நுனியில் முடிக்கும் முறையால், நுனியில் ஊசிமுனை அளவுத் திறப்பு எஞ்சுகிறது. தொலைவில் குறி தப்பாமல் இருக்க இந்தத் தயாரிப்பு முறை உதவுகிறது. அமெரிக்க ராணுவத்தின் சட்டப் பிரிவு 1990-இல் இத்தகைய குண்டை ஆராய்ந்து, அது விரிவதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல, எளிதில் விரிவதும் இல்லை என்று முடிவு செய்தது. பிரகடனம் கேட்பதும் அதையே: எளிதில் விரிகிறதா? இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் சோதனை செய்துதான் சொல்ல வேண்டும்.

காயத்தைப் பார்த்தே 'டம்டம் குண்டுதான்' என்று ஒரு மருத்துவரால் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியாது. இந்தக் குற்றச்சாட்டு ஒவ்வொரு போரிலும் எழுகிறது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், எதிரிகள் டம்டம் குண்டுகளைப் பயன்படுத்துவதாக அமெரிக்க அதிபர் வில்சனுக்கே தந்தி அடித்தார். எதிர்த்தரப்பும் ஜெர்மனி மீது அதே குற்றச்சாட்டைச் சுமத்தியது. கிட்டத்தில் பட்ட ரைஃபிள் குண்டு, எலும்பில் மோதிய குண்டு, வேறெங்கோ பட்டுத் தெறித்து வந்த குண்டு, மேலே சொன்னபடி புரண்ட குண்டு என எல்லாமே வெளியேறும் இடத்தில் கைப்பிடி அளவு ஓட்டையை உண்டாக்க வல்லவை.

ஆகவே கோரமான காயத்தின் புகைப்படம் மட்டும் சான்றாகாது. உடலிலிருந்து எடுத்த குண்டு, அதன் உறையின் வடிவம், எக்ஸ்-ரே படத்தில் தெரியும் ஈயத்துகள்களின் பரவல், களத்தில் கிடைத்த சுடப்படாத தோட்டாக்கள், அவற்றின் அடியில் பொறித்த தயாரிப்புக் குறி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருத்துவர் அறுவை செய்து எடுக்கும் குண்டைக் குப்பையில் போடாமல், யார் எடுத்தது, எந்த நாளில், யாருடைய உடலிலிருந்து என்ற குறிப்போடு உறையிலிட்டு வைப்பதே பின்னாளில் ஒரு வழக்கு நிற்பதற்கான முதல் தேவை. அதன் பின்னும், அந்தக் குண்டு துன்பத்தைப் பயனின்றிப் பெருக்கும் தன்மையுடையது என்று சுட்டவருக்குத் தெரிந்திருந்தது என்பதை, ரோம் சாசனத்தின் கீழ் வழக்குத் தொடுப்பவர் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.